வடலூர் அடுப்படிக்குள் ஓர் எட்டு!

வடலூர் நான்கு முனைச் சந்திப்பில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதல் வேலையாக யாரையாவது பிடித்து, "இங்க சாப்பாடு எங்கங்க நல்லா இருக்கும்?" என்று கேளுங்கள். ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டாலும் சரி, பூக்கட்டும் அம்மாவிடம் கேட்டாலும் சரி, முதலில் அவர்கள் உங்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார்கள். "ஓட்டல் வேணுமா, சாலைக்குப் போறீங்களா?" என்பார்கள். இந்த ஊரில் 'சாலை' என்று மொட்டையாகச் சொன்னால் நெடுஞ்சாலை இல்லை. வள்ளலார் என்னும் இராமலிங்கரின் சத்திய தருமச்சாலை!

ஓட்டல்களையும் விட்டுவிட முடியாது. கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையும், சென்னையிலிருந்து பண்ருட்டி வழியாகக் கும்பகோணம், தஞ்சாவூர் போகும் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் இது. வயிறு காலியாக இருப்பவர்கள் நாலு திசையிலிருந்தும் வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். பக்கத்திலேயே நெய்வேலி. ஷிப்டுக்குப் போகிறவர்களும் ஷிப்டு முடிந்து வருகிறவர்களும் இந்த முனையில்தான் டீ குடிக்கிறார்கள். பொழுது புலர்வதற்கு முன்பே பாய்லர் கொதிக்கிறது. பொங்கல் வடை, பூரி கிழங்கு, மதியச் சாப்பாடு, ராத்திரி தோசைக்கல் சத்தம் என்று ஒரு சந்திப்பு ஊருக்கு உரிய எல்லாமே உண்டு. மே, ஜூன் மாதத்தில் வந்தால் பண்ருட்டிச் சாலை நெடுகப் பலாப்பழக் குவியல். வாசனையே ஆளை இழுத்து நிறுத்தும். பாக்கெட் போட்ட முந்திரிக்குக் காலம் நேரம் கிடையாது.

ஆனாலும் ஊரில் கூட்டம் அதிகம் சேரும் சாப்பாட்டு இடம் எது என்று கேட்டால் ஒரே ஒரு பதில்தான். அங்கே கல்லா இல்லை. விலைப்பட்டியல் இல்லை. டோக்கன் வாங்கினீர்களா என்று கேட்க ஆள் இல்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு நீங்கள் பாட்டுக்குப் போகலாம். 1867 மே 23ஆம் தேதி திறந்தது, இன்னும் மூடவில்லை!

அந்த இடத்தின் சமையல்கட்டுக்குள் எட்டிப் பார்க்கத்தான் வந்தேன். சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஓட்டல் அடுப்படி என்றாலே ஒரு துள்ளல் உண்டு. எனக்கு இந்த அடுப்படி என்றதும் முந்தின நாள் இரவே தூக்கம் போய்விட்டது.

உள்ளே போனதும் கண்ணில் படுவது அடுப்புதான். வீட்டு அடுப்பையோ கல்யாண மண்டபத்துக் கோட்டை அடுப்பையோ மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். நீளம் 21 அடி! அகலமும் ஆழமும் இரண்டரை இரண்டரை அடி. ஒரே அடுப்பு. ஒரு கோடியில் நிற்பவர் மறுகோடியில் நிற்பவரைக் கூப்பிடக் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது. மேலே வரிசையாகப் பெரிய பெரிய பாத்திரங்கள், கீழே விறகு. பக்கத்தில் நின்றால் முதலில் கன்னம் சுடுகிறது, அப்புறம் கண் கரிக்கிறது, அதற்கப்புறம்தான் சோறு வேகும் அந்த வாசம் மூக்குக்கு எட்டுகிறது. அடடா! புகையும் புழுங்கல் அரிசியின் ஆவியும் கலந்த வாசம். ஓட்டலில் அது கிடைக்காது.

இந்த அடுப்பின் பெயரே அணையா அடுப்பு. வள்ளலார் காலத்தில் மூட்டிய தீ இன்றுவரை அணையவில்லை என்பது வடலூரின் பெருமை. வருகிறவர்கள் அடுப்புக்கு முன்னால் நின்று கைகூப்புகிறார்கள். சமையல் நடந்துகொண்டே இருக்கிறது, கும்பிடுவதும் நடந்துகொண்டே இருக்கிறது. கும்பிடுகிறவர் மேல் இடிக்காமல், சோற்றுக் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் லாவகமாக விலகிப் போகிறார்கள். வேறு எந்த ஊர்ச் சமையல்கட்டிலும் இப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை.

தீ அணையாமல் இருப்பது என்றால் என்ன என்று அங்கே நின்றபோதுதான் உறைத்தது. அதிசயம் என்று சொல்லிக் கடந்துவிடலாம்தான். ஆனால் தீ விறகைத் தின்கிற ஜீவன். யாராவது விறகு சுமந்து வர வேண்டும், பிளக்க வேண்டும், மழைக்காலத்தில் நனையாமல் காக்க வேண்டும். உள்ளே தள்ளினால் தீ ஏறும், வெளியே இழுத்தால் இறங்கும். இந்த அடுப்புக்குத் திருகு கிடையாது, கைதான் திருகு. சாம்பலை வார வேண்டும். இரவுப் பந்தி முடிந்து எல்லோரும் படுத்த பிறகும் கனலை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் இரவு, "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று யாராவது அசந்து தூங்கியிருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அப்படி ஒருவரும் அசரவில்லை! பெயர் தெரியாத எத்தனை பேரின் விழிப்பு அந்த 21 அடிக்குள் எரிகிறது என்று நினைத்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

சில கிலோமீட்டர் தள்ளி இன்னொரு நெருப்பு இருந்தது. நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956இல் தொடங்கியது. முதல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1962இல் ஓடத் தொடங்கியது. ரஷ்யத் தொழில்நுட்பம், 600 மெகாவாட், பழுப்பு நிலக்கரியைத் தின்று மின்சாரம் தந்த ராட்சசக் கொதிகலன்கள். காலம் முடிந்து 2020இல் அதை நிறுத்தினார்கள். அதற்கு 95 ஆண்டுகள் மூத்த விறகடுப்பு இங்கே இன்னும் உலை கொதிக்க எரிந்துகொண்டிருக்கிறது. நெய்வேலிக்காரர்கள் இரண்டையும் பார்த்தவர்கள். ஓய்வுபெற்றவர்கள் பலர் வடலூரிலேயே வீடு கட்டிக் குடியேறி, காலையில் எழுந்து தருமச்சாலைக்குக் காய் நறுக்க வந்துவிடுகிறார்கள். கொதிகலனைப் பார்த்துக்கொண்ட கைகளுக்கு இந்தத் தீயும் பழகிய தீதானே!

சரி, காய் நறுக்கும் இடத்துக்கு வருவோம். எனக்குப் பிடித்த மூலை அது. பூசணிக்காய் ஒரு பக்கம் மலையாகக் கிடக்கிறது, கத்தரிக்காய் ஒரு பக்கம். தரையில் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்து, காலால் அழுத்திக்கொண்டு பெண்கள் பேசியபடியே நறுக்குகிறார்கள். கண் காயைப் பார்ப்பதே இல்லை. விரல் ஒருமுறைகூடத் தவறுவதில்லை. ஊர்க் கதை, மகள் கல்யாணம், முழங்கால் வலி எல்லாம் பேச்சில் வருகிறது. நான் சும்மா நின்று வேடிக்கை பார்ப்பதைக் கண்ட ஒரு பெரியம்மா, "என்னம்மா நின்னுக்கிட்டே இருக்க? உக்காந்து ரெண்டு காய் நறுக்கு" என்று ஒரு கத்தியை நீட்டினார். எங்கிருந்து வருகிறாய், என்ன வேலை, எதற்குக் குறிப்பெழுதுகிறாய், எதுவும் கேட்கவில்லை. இங்கே சாப்பிட வருகிறவரையும் கேட்பதில்லை, வேலை செய்ய வருகிறவரையும் கேட்பதில்லை.

கேட்காமல் இருப்பது சாதாரணம் என்று நினைத்துவிடாதீர்கள். 1867ஐ நினைத்துப் பாருங்கள். அன்றைக்குச் சத்திரங்கள் நிறைய இருந்தன, அன்னதானமும் நிறைய நடந்தது. ஆனால் யாருக்கு என்பது வாசலிலேயே முடிவாகிவிடும். அதற்கு 37 ஆண்டுகள் கழித்து, 1904 வாக்கில்கூடக் காசிக்குப் போன பெரியாரைப் பிராமணர்களுக்கு மட்டும் என்று சத்திரத்தில் தடுத்தார்கள், பசி தாங்காமல் அவர் எச்சில் இலையில் மிஞ்சியதை எடுத்து உண்டார் என்பது தமிழ்நாடு அறிந்த வரலாறு. அப்படிப்பட்ட காலத்தில், வந்தவர் எந்தச் சாதி, எந்தச் சமயம், எந்த ஊர், நல்லவரா கெட்டவரா என்று எதையும் பாராமல் பசியை மட்டும் பார்க்கச் சொன்னவர் இராமலிங்கர். தருமச்சாலை தொடங்கிய நாளில் அவர் எழுதிய 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' அங்கே வாசிக்கப்பட்டது. திறப்பு விழாவில் ஒரு சமையல்கூடத்தின் கொள்கை அறிக்கையையே படித்திருக்கிறார்கள்!

அந்த நூலைப் படித்தவர்களுக்குத் தெரியும். பசி வந்தால் உடம்பில் எந்த எந்த உறுப்புக்கு என்ன நேர்கிறது என்று கண், காது, கை, கால், மனம் வரை ஒன்றுவிடாமல் அவர் சொல்லிக்கொண்டு போகிறார். பட்டினி கிடந்தவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஒருவரால்தான் அப்படி எழுத முடியும். பசியை நெருப்பு என்கிறார். ஏழைகளின் உடம்பில் பற்றி எரியும் அந்த நெருப்பைச் சோற்றால் அணைப்பதே மேலான வழிபாடு என்பது அவர் கட்சி. இங்கே அடுப்பில் ஒரு நெருப்பு அணையாமல் இருப்பது, அங்கே வயிறுகளில் எரியும் நெருப்பை அணைப்பதற்காகத்தான்.

இந்த ஊருக்கு அவர் எப்படி வந்தார்? 1823 அக்டோபர் 5 அன்று சிதம்பரம் பக்கத்து மருதூரில் பிறந்து, சென்னை ஏழுகிணற்றில் வளர்ந்தவர். நகரத்தை விட்டு வந்து வடலூரை ஒட்டிய கருங்குழியில் தங்கினார். 1865இல் சன்மார்க்க சங்கம் கண்டார். வடலூர் அப்போது பார்வதிபுரம் என்ற கிராமத்தின் வெட்டவெளி. அந்தக் கிராமத்துக் குடிமக்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். அரசர் இல்லை, ஜமீன் இல்லை, உழவர்கள்! இன்றைக்கு நாம் பார்க்கும் பெருவெளி அவர்கள் தந்த கொடை. அதே 1867இல்தான் தொழுவூர் வேலாயுத முதலியாரின் முயற்சியில் அவருடைய பாடல்களான திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகளும் அச்சேறின. பாட்டும் அடுப்பும் ஒரே ஆண்டில் பிறந்தவை. பாட்டைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். அடுப்பைப் பற்றி இன்னும் நிறைய எழுத வேண்டும் என்பது என் ஆசை.

அவர் 1870 வரை இந்தத் தருமச்சாலையிலேயே தங்கியிருந்தார். அடுப்புச் சூட்டுக்கும் பந்திக்கும் பக்கத்திலேயே மூன்று ஆண்டுகள். அந்தக் காலத்துக் கதை ஒன்றை அன்பர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஒருநாள் சாலையில் அரிசி தீர்ந்துபோயிற்று. மறுநாளைக்கு ஒன்றும் இல்லை என்று பொறுப்பிலிருந்தவர் வந்து நின்றார். நாளைக்கு வரும் என்றாராம் வள்ளலார். விடிந்ததும் திருத்துறையூரிலிருந்து ஓர் அன்பர் வண்டி கட்டி அரிசியும் பண்டமும் கொண்டுவந்து இறக்கினாராம். கனவில் உத்தரவு வந்தது என்பார்கள் நம்பிக்கை உள்ளவர்கள். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது வண்டி மாடுகள் இரவெல்லாம் நடந்ததுதான். யாரோ ஒருவர் எங்கோ ஓர் ஊரில் வடலூர் அடுப்பை நினைத்து நெல்லைக் குத்தி மூட்டை கட்டியிருக்கிறார்.

அந்த வண்டி இன்னும் நிற்கவில்லை என்பதை வாசலில் அரை மணி நேரம் உட்கார்ந்து நானே பார்த்தேன். மொபெட்டில் முன்னால் ஓர் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு ஒருவர் வருகிறார். ஒரு குடும்பம் வேனிலிருந்து எண்ணெய் டின்னையும் பருப்பு மூட்டையையும் இறக்குகிறது, பிள்ளைக்குப் பிறந்தநாளாம். வயதான ஒரு விவசாயி மஞ்சள் பையில் சில கிலோ அரிசியோடு வந்து, கொடுத்துவிட்டு, ரசீதுக்குக்கூட நிற்காமல் பந்திக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். நல்ல பசி போலிருக்கிறது! கொடுக்க வந்தவரும் உண்ண வந்தவரும் ஒரே வரிசையில். நிர்வாகத்தை இந்து சமய அறநிலையத் துறை கவனிக்கிறது. ஆனால் பானைக்குள் விழும் அரிசி இப்படிப்பட்ட கைகளிலிருந்து வருகிறது. ஓட்டல்காரர்கள் சரக்கு எங்கிருந்து வருகிறது என்பதை ரகசியமாக வைத்துக்கொள்வார்கள். இங்கே சரக்கு வரும் வழி வாசலிலேயே திறந்து கிடக்கிறது.

பந்திக்கு நேரம் ஆயிற்று. மூன்று வேளையும் சாப்பாடு உண்டு. நான் போனது மதிய வேளை. சமையல்கட்டில் கடைசிப் பத்து நிமிடம் பார்க்க வேண்டுமே! சாம்பாரில் கரண்டி போட்டுப் பதம் பார்ப்பவர் ஒரு பக்கம், வடித்த சோற்றை ஆவி பறக்கக் கொட்டிக் கிளறுகிறவர் ஒரு பக்கம். வாளிகள் கைமாறிக் கைமாறிப் போகின்றன. ஒருவர் "மோர்!" என்று குரல் கொடுத்தால் எங்கிருந்தோ மோர் வருகிறது. சத்தம் இருக்கிறது, பதற்றம் இல்லை. ஓட்டல் சமையலறையில் ஆர்டர் சொல்லிக் கத்துவார்கள், யார் மேலாவது எரிந்து விழுவார்கள். இங்கே எத்தனை பேர் வருவார்கள் என்றே யாருக்கும் தெரியாது. இருந்தும் ஒருவர் முகத்திலும் கடுப்பு இல்லை. "எண்ணிக்கை தெரியாம எப்படிங்கய்யா சமைக்கிறீங்க?" என்று ஒருவரிடம் கேட்டேன். அவர் அன்னவெட்டியைக் கழுவிக்கொண்டே, "வர்றவங்கள எண்ணக் கூடாதும்மா. சோறு கொறஞ்சா இன்னொரு உலை வெச்சிட்டுப் போறோம். அடுப்புதான் எரிஞ்சிக்கிட்டே இருக்கே" என்றார். அடுப்பை ஏன் அணைப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை.

தரையில் உட்கார்ந்தேன். இடப்பக்கம் காவி வேட்டி கட்டிய ஒரு துறவி, வலப்பக்கம் கல்லூரிப் பையன் இருவர், எதிரே கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண், அவளுக்குப் பக்கத்தில் சட்டைப்பையில் பேனா குத்திய அதிகாரி தோரணையில் ஒருவர். சோறு, சாம்பார், பொரியல், ரசம், மோர். இவ்வளவுதான். மணக்க மணக்க, சூடு பறக்க! சாம்பாரில் நான் நறுக்கிய பூசணிக்காய்த் துண்டு எதுவென்று தேடினேன். ரசத்தை இரண்டாம் முறை கேட்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, பரிமாறியவர் அதற்குள் குனிந்து, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமாம்மா?" என்றார். வயிறு நிறைந்ததா என்று முகத்தைப் பார்த்துப் பரிமாறுகிறார்கள். பெரிய பெரிய ஓட்டல்களில் சொல்லிக் கொடுத்தாலும் வராத கலை அது.

தருமச்சாலையிலிருந்து நடந்து போகும் தொலைவில் சத்திய ஞான சபை. எண்கோண வடிவில், தாமரை மலர்ந்தாற்போன்ற அமைப்பில் கட்டப்பட்டு, 1872 ஜனவரி 25 தைப்பூசத்தன்று முதல் வழிபாடு நடந்த இடம். அதன் வாசலில் ஓர் அறிவிப்பு உண்டு: புலால் உண்ணாதவர், கொலை செய்யாதவர் மட்டுமே உள்ளே வரலாம். கண்டிப்பான விதி. நானும் முதலில் அதைப் பார்த்துவிட்டுத் தருமச்சாலையிலும் இப்படி ஏதாவது இருக்குமோ என்று தேடினேன். இல்லை! புலால் உண்பவராக இருந்தாலும் பசித்து வந்தால் சோறு போட வேண்டும் என்பது வள்ளலார் சொன்னது. கோயிலுக்கு நிபந்தனை வைத்தவர் சமையல்கட்டுக்கு வைக்கவில்லை. சபையில் வழிபாடு தொடங்குவதற்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் முன்பே சாலையைத் திறந்துவிட்டார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். முதலில் வயிறு, பிறகுதான் வழிபாடு. வடலூரில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் எது என்று கேட்டால் இந்த வரிசையைத்தான் சொல்வேன்.

சபைக்கு வெளியே வந்தால் இன்னொரு தீனிச் சந்தோஷம் காத்திருக்கிறது. கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, வல்லாரை என்று மூலிகைப் பொடிகளை வரிசையாக அடுக்கி வைத்து விற்கிறார்கள். வள்ளலார் எதை உண்ண வேண்டும், எப்படி உறங்க வேண்டும், எப்போது எழ வேண்டும் என்றெல்லாம் 'நித்திய கரும விதி'யில் எழுதி வைத்தவர். அதிலும் கரிசலாங்கண்ணி என்றால் அவருக்குத் தனி மதிப்பு. அந்தப் பொடியை வெந்நீரில் கலந்து குடித்துப் பாருங்கள். கசப்பு கொஞ்சம், மண் வாசம் கொஞ்சம். டீக்கு அடிமையான எனக்கே மூன்றாவது மடக்கில் பிடித்துப்போயிற்று.

இந்த அடுப்பு கண்ட காலங்களை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. வள்ளலார் 1874 ஜனவரி 30 அன்று வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் சென்று கதவைத் திருக்காப்பிட்டுக்கொண்டார். இரண்டே ஆண்டில் வந்தது தாது வருஷப் பஞ்சம். 1876 தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்து மடிந்தார்கள். தொடங்கியவர் இல்லை, ஊரெல்லாம் பட்டினி, அரிசிக்குத் தட்டுப்பாடு. அந்த மூன்று ஆண்டுகளில் இந்த அடுப்பைக் காப்பாற்றியவர்களை நினைத்துப் பாருங்கள். பிறகு இரண்டு உலகப் போர், ரேஷன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. தலைமுறை தலைமுறையாக நின்ற முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. 2015இல் குறிஞ்சிப்பாடி வட்டாரத்தையே வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. தமிழ்நாடு பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போடத் தொடங்கியது காமராசர் காலத்தில், 1956இல். அது சத்துணவாக விரிந்தது எம்.ஜி.ஆர். காலத்தில், 1982இல். காலைச் சிற்றுண்டி வந்தது 2022இல். இவற்றுக்கெல்லாம் மூத்தது இந்த அடுப்பு. அமிர்தசரஸ் பொற்கோயிலின் லங்கர் என்னும் இலவச உணவுக்கூடத்தைப் பார்க்க நம்மவர்கள் விமானம் ஏறிப் போகிறார்கள். போகட்டும், பார்க்க வேண்டிய இடம்தான். கடலூர் மாவட்டத்தில் பஸ் டிக்கெட் காசில் பார்க்கக்கூடியது இது!

விடுதலைக்குப் பின் சென்னை மாகாண முதல்வராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பதவியை விட்டதும் எங்கே போனார் தெரியுமா? நேராக வடலூருக்கு. சுத்த சன்மார்க்க நிலையத்தை உருவாக்கி, பள்ளி நடத்தி, ஏழைப் பிள்ளைகளை வளர்த்தார். ஆட்சி நடத்தியவரையும் இழுத்துக்கொண்டது இந்த ஊர்.

இதையெல்லாம் சாதாரண நாளில் பார்த்துவிட்டு வந்தவர்கள் தைப்பூசத்துக்கு மறுபடி போயே ஆக வேண்டும். அன்றைக்கு வடலூர் முழுவதுமே ஒரு சாப்பாட்டுக் கூடமாகிவிடும்! மஞ்சளும் வெள்ளையுமான சன்மார்க்கக் கொடி ஏறியதுமே சாலையோரம் பந்தல்கள் முளைக்கத் தொடங்கும். ஒவ்வொரு ஊர்ச் சங்கத்துக்கும் ஓர் அன்னதானப் பந்தல். லாரி லாரியாகக் காய்கறியும் அரிசியும் வந்து இறங்கும். நாலு அடிக்கு ஒருவர் கையைப் பிடித்து இழுப்பார்: "ஐயா வாங்க, சாப்டுட்டுப் போங்க." "அம்மா, இங்க உக்காருங்க." ஓட்டல் வாசலில் ஆள் கூப்பிடுவதைப் பார்த்திருக்கிறோம், இலவசமாகச் சோறு போட இப்படிப் போட்டி போட்டுக்கொண்டு கூப்பிடுவதை வடலூரில்தான் பார்க்க வேண்டும். ஒரு பந்தலில் சாம்பார் சாதம், அடுத்ததில் தயிர் சாதம், அதற்கடுத்ததில் கேசரி. மறுக்கத்தான் முடியாது. வயிற்றில் இடமில்லை என்றால் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அன்று தமிழ்நாடு முழுவதும் மதுக்கடைகளுக்கு விடுமுறை. இறைச்சிக் கடைகளும் திறப்பதில்லை. ஒரு மனிதர் வைத்த அடுப்பின் மரியாதை மாநிலம் முழுக்க எட்டுகிறது.

தைப்பூசத்தன்று காலை 6 மணிக்கு ஞான சபையில் ஏழு திரைகளும் ஒவ்வொன்றாக விலகி முதல் ஜோதி தரிசனம். கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு என்று நிறம் நிறமாகத் திரை விலக விலகக் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிறகு காலை 10, பகல் 1, இரவு 7, இரவு 10, மறுநாள் விடியற்காலை 5.30 என்று ஆறு காலம். தரிசனத்துக்கும் தரிசனத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளிகளைப் பாருங்கள். மூன்று பந்தல் சுற்றி வர அளவாக இருக்கும்!

தைப்பூசம் வரை பொறுக்க முடியாதவர்கள் மாதப் பூசத்தன்று போகலாம். அன்று இரவு ஜோதி தரிசனம் உண்டு, கூட்டமும் அளவாக இருக்கும். ரயிலில் வந்தால் கடலூர் – விருத்தாசலம் பாதையில் வடலூரிலேயே நிலையம் இருக்கிறது. தருமச்சாலைக்கு அரிசி கொண்டுபோக நினைப்பவர்கள் எவ்வளவு என்று யோசிக்க வேண்டாம், ஒரு கிலோவானாலும் வாங்கிக்கொள்கிறார்கள். காய் நறுக்க ஆசை இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள். பெரியம்மாக்கள் கூட்டத்தில் இடம் கிடைக்கும். தைப்பூசத்துக்குப் போனால் மூன்றாம் நாள் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில், வள்ளலார் உள்ளே சென்ற அந்தத் திருஅறையின் தரிசனம் முடிந்த பிறகே ஊருக்குத் திரும்புங்கள். வடலூரிலிருந்து அங்கே போகும் வழியெல்லாம் பந்தல்கள்தான், நடந்தே போவது நல்லது. காலைச் சாப்பாட்டைச் சாப்பிடாமல் கிளம்புங்கள்!